பேரவைக்கு மூன்று தலைவர்கள்

முத்துத்தீவு தமிழ்ப் பேரவைக்கு ஒரு பதிவு எண், ஒரு குத்துவிளக்கு, மூன்று தலைவர்கள். அந்த மூன்று தலைவர்களில் ஒருவரைக் காணவில்லை.

செய்தி வந்து சேர்ந்தபோது சேதுமாதவன் பஹ்ரைனின் குதைபியா பகுதியில் தன் ஃபிளாட்டில் உட்கார்ந்து, கடைசி இட்லிக்குச் சட்னி போதுமா போதாதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை, விடுமுறை. மற்ற நாட்களில் அவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆய்வாளர். கடை தானாக எரிந்ததா, முதலாளி எரித்தாரா என்று முகர்ந்து பார்த்துச் சொல்லும் வேலை. வெள்ளிக்கிழமைகளில் ஊர்க்காரர்களின் வழக்குகளைச் சும்மா பார்த்துக் கொடுப்பார். அவருடைய உதவியாளர் ஆபிதா, காயல்பட்டினத்துப் பெண், கணவன் தூங்கும் நேரமாகப் பார்த்து அவன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

கதவைத் திறந்தால் இரண்டு பேர். முன்னால் வழுக்கைத் தலையோடும் கழுத்துப்பட்டையோடும் வக்கீல் கோபாலசாமி, பேரவையின் சட்ட ஆலோசகர். பின்னால் அவருடைய கோட்டின் ஓரத்தைப் பிடித்தபடி மாயாண்டி. வக்கீல் ஓடிவிடாமல் இருக்கத்தான் அந்தப் பிடி என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"சார், நான் கமுதிப் பக்கம்" என்றார் மாயாண்டி. "பூச்சு வேலை. நம்ம கபீல், அதான் விசா குடுத்த மொதலாளி, கம்பெனிய இழுத்து மூடிட்டு எங்கிட்டோ போயிட்டாரு. பாஸ்போர்ட்டும் அவரோட போச்சு. இப்ப பொது மன்னிப்புன்னு அறிவிச்சிருக்காக. பேப்பர் இல்லாதவுக ஊருக்குப் போகலாம்னு. மக விஜிக்கு வர்ற வியாழக்கெழம கல்யாணம் சார்."

"போகவேண்டியதுதானே?"

"நம்ம எம்பசி ஆபீஸ்ல சாச்சி கேக்குறாக. பதிவு பண்ணின தமிழ்ச் சங்கத்துத் தலைவரு நேர்ல வந்து, 'இந்த ஆள எனக்குத் தெரியும்'னு கையெழுத்துப் போடணுமாம். நான் போயி எல்லாரு கால்லயும் விழுந்தேன். ரெண்டு தலைவரு வந்தாக. மூணாவது தலைவரு வக்கீலய்யாகிட்ட ரப்பர் சீல குடுத்து அனுப்பிட்டாரு. ஆபீசரு மூணு சீலயும் பாத்தாரு. 'மொதல்ல நீங்க மூணு பேரும் ஒராளா வாங்க'ன்னு சொல்லிப்புட்டாரு."

அந்த அதிகாரியின் மேல் சேதுமாதவனுக்குக் கோபம் வரவில்லை. மரியாதைதான் வந்தது.

"ஒரு சங்கத்துக்கு எப்படி மூணு தலைவர்?" என்று வக்கீலைக் கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. கோபாலசாமி சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஆபிதா தனக்கு ஒரு சுலைமானி டீ போட்டுக்கொள்ள அடுப்படிக்குப் போனாள்.

"1378. ரோமாபுரி" என்று ஆரம்பித்தார் வக்கீல். "புதுசா போப்பைத் தேர்ந்தெடுக்கணும். வெளியில கூட்டம், எங்க ஊர்க்காரன்தான் வேணும்னு ஒரே கூச்சல். உள்ளே இருந்தவங்க ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தாங்க. சில மாசம் போனதும், 'அது பயத்துல போட்ட ஓட்டு, செல்லாது'ன்னு சொல்லிட்டு வேற ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தாங்க. ஆச்சா, ரெண்டு போப். பிற்பாடு சமாதானம் பண்றோம்னு பீசா நகரத்துல ஒரு கூட்டம் போட்டாங்க. அதுல மூணாவதா ஒருத்தர். பழைய ரெண்டு பேரும் இறங்கல. மூணு போப்!"

"நம்ம பேரவை?"

"அதேதான் சார்! அச்சு அசல்! பாலகுருவைத் தேர்ந்தெடுத்தப்போ, வெளியில மதுரைக்காரங்க சத்தம் போட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு செயற்குழுவுல பாதிப் பேர், 'பயந்துபோய் ஓட்டுப் போட்டோம்'னு சொல்லி சதக்கத்துல்லாவைத் தேர்ந்தெடுத்தாங்க. நான் சமாதானக் கூட்டம் போட்டேன். அதுல பொதுவான ஆளா வேலுச்சாமியைத் தேர்ந்தெடுத்தோம். ரெண்டு பேரும் இறங்கல."

வருத்தமான கதைதான். ஆனால் சொன்னவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை இருந்தது.

"இதுக்கு என்னதான் வழி?"

"கோன்ராட்!" என்று எழுந்தே விட்டார் கோபாலசாமி. "கெல்ன்ஹவுசன் ஊர்க் கோன்ராட். ஜெர்மானியர், திருச்சபைச் சட்டம் படிச்சவர். என்னோட முனைவர் பட்ட ஆய்வே அவர்தான். போப் கூப்பிட்டாத்தான் மகாசபை கூடலாம்னு சட்டம். எந்தப் போப் கூப்பிடுறது? கோன்ராட் சொன்னார், சட்டம் எழுதினவன் இப்படி ஒரு ஆபத்து வரும்னு நினைச்சுப் பாக்கல. அதனால எழுத்தைப் பாக்காதே, நோக்கத்தைப் பார். சபை தானாவே கூடலாம்னார். அவர் செத்து ரொம்ப நாள் கழிச்சு கான்ஸ்டன்ஸ் ஊர்ல சபை கூடிச்சு. ஒருத்தரை நீக்கி, ஒருத்தரை ராஜினாமா பண்ண வச்சு, அடம்பிடிச்ச ஒருத்தரை ஒதுக்கித் தள்ளி, புதுசா ஒரே ஒரு போப். இன்னிக்கு நாலு மணிக்கு ஈசா டவுன்ல இருக்கிற ஹால்ல நம்ம பேரவைக்கும் மகாசபை. மூணு தலைவரும் மேடையில ஒரே நேரத்துல ராஜினாமா. புதுத் தலைவர் தேர்வு. இவருக்குக் கையெழுத்து. எல்லாம் பேசி முடிச்சாச்சு. ஆனா வேலுச்சாமி ஓடிட்டார்."

"ஓடிட்டாரா?"

"கான்ஸ்டன்ஸ்லயும் ஒரு போப் ஓடினார் சார். குதிரைக்காரன் வேஷத்துல."

"பஹ்ரைன்ல குதிரைக்காரன் வேஷம் போட்டாத்தான் எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க" என்றாள் ஆபிதா, டம்ளரோடு வந்து. "ஒளிஞ்சுக்கணும்னா டிரைவர் வேஷம் போடணும். யாருமே பாக்க மாட்டாங்க."

"அந்த ரெண்டு பேரும் மட்டும் ராஜினாமா பண்ணினா என்ன?" என்றார் சேதுமாதவன்.

"மாட்டாங்க. வேலுச்சாமி நேர்ல வந்து இறங்கினாத்தான் நாங்களும் இறங்குவோம்னு சொல்லிட்டாங்க."

மாயாண்டி வக்கீலின் கோட்டை விட்டுவிட்டு இப்போது சேதுமாதவனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மனுசன எப்படியாச்சும் கண்டுபுடிச்சுக் குடுத்துருங்க சார். கல்யாணத்தன்னைக்கு அப்பன் எங்கன்னு கேட்டா எம்மக என்ன சொல்லும்?"

சேதுமாதவன் கடைசி இட்லியைச் சட்னி இல்லாமலே விழுங்கிவிட்டு எழுந்தார்.

*

பாலகுருவின் கடை இரண்டு தெரு தள்ளி. காலை விமானத்தில் வந்த முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவே தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கல்லாவுக்கு மேலே சாமி படம், அதைவிடப் பெரிதாக அவருடைய படம்.

"வேலுச்சாமியையா? நான் எதுக்குங்க அவன பாக்கணும்?" என்றார். "அவன் சதக்கத்துல்லா ஆளு. ஈசா டவுன்ல அந்தப் பக்கத்து ஆளுகளோடதான் குடியிருக்கான்."

"நேர்ல பாத்ததே இல்லையா?"

"எதிரி முகத்துல முழிக்கலாமாங்க? ஆனா ஒண்ணு, மரியாத தெரிஞ்ச பய. பொங்கல் விழாவுல அவனுக்கும் பேச நேரம் ஒதுக்கியிருந்தோம். 'எனக்கு மைக் வேணாம், அண்ணன் பாலகுருவே கூடக் கொஞ்ச நேரம் பேசட்டும்'னு வக்கீல்கிட்டச் சொல்லி அனுப்பிட்டான்."

சேதுமாதவன் ஒரு முருங்கைக்காயை எடுத்து, முறித்துப் பார்க்காமல், அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் யோசிக்கும்போது எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பார். கடைக்காரர்கள் அதைப் பில்லில் சேர்த்துவிடுவார்கள்.

அடுத்து சதக்கத்துல்லா. ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரை அவருடைய டிராவல்ஸ் வாசலில் மடக்கினார்கள். ஆபிதா சலாம் சொல்லி, "காக்கா, ரெண்டே ரெண்டு நிமிஷம்" என்றாள். அவர்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவதுதான் மரியாதை.

"வேலுச்சாமியா? அவரு பாலகுருவோட ஆளும்மா. முஹர்ரக்ல பாலகுரு எடுத்துக் குடுத்த ஃபிளாட்லதான் இருக்காரு."

"நீங்க பாத்திருக்கீங்களா காக்கா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? ஆனா கவுரவமான மனுசன். எங்க ஆண்டு விழாவுல அவருக்குப் பொன்னாடை கூடப் போத்தினோம்."

"யார் மேல போத்தினீங்க?" என்று குறுக்கே வந்தார் சேதுமாதவன்.

"அவரு மேலதான். அவரு வர முடியல. அவர் சார்பா வக்கீல் வாங்கிக்கிட்டாரு. அது வழக்கம்தானே?"

வழக்கம்தான். கடல் தாண்டி வந்த நம் ஆட்களின் மேடைகளில், வராதவர்களுக்குப் போர்த்திய சால்வைகளைச் சேர்த்தால் பாலைவனத்துக்கே பந்தல் போடலாம். அன்னார் வர இயலாத காரணத்தால் அவர் சார்பாக என்று சொன்னதும் யாராவது ஒருவர் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார். அன்னார் யார் என்று எவரும் கேட்பதில்லை.

*

காரில் ஏறியதும் சேதுமாதவன் கேட்டார். "ஆபிதா, நீங்க எத்தனை தமிழ்ச் சங்க விழாவுக்குப் போயிருக்கீங்க?"

"நிக்காஹ் ஆன பாவத்துக்கு நிறைய சார். எங்க வீட்டுக்காரர் எல்லாத்துலயும் பொருளாளர்."

"மைக் குடுத்தும் வேணாம்னு சொன்ன தலைவர் யாராவது?"

ஆபிதா பிரேக்கை அழுத்தினாள். பின்சீட்டில் இருந்த மாயாண்டி முன்னால் வந்து விழுந்தார். பின்னால் வந்த பிக்கப் நீளமாக ஹாரன் அடித்தது.

"ஒருத்தர்கூட இல்ல சார். தொண்டையில ஆபரேஷன் பண்ணினவர்கூட எழுந்து வந்து, 'எனக்குப் பேச முடியாது'ன்னு அரை மணி நேரம் பேசினார்."

"வேலுச்சாமி மைக்கை வேணாம்னு சொல்லியிருக்கார். ரெண்டு தலைவரும் அவரை நேர்ல பாத்ததே இல்ல. பாலகுரு அவரை சதக்கத்துல்லா ஆளுங்கிறார், சதக்கத்துல்லா பாலகுரு ஆளுங்கிறார். வண்டியை சித்தீக் கடைக்கு விடுங்க."

முகம்மது சித்தீக் குதைபியாவின் ஃபிளெக்ஸ் அச்சகக்காரர். மூன்று அணிகளுக்கும் அவர்தான் பேனர் அடித்துக் கொடுக்கிறார். சங்கம் உடைந்த நாளிலிருந்து அவர் வீட்டில் இரண்டு ஏசி புதிதாக ஓடுகிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பியவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய், வேலுச்சாமியின் படத்தைக் கம்ப்யூட்டரில் திறக்கச் சொன்னார் சேதுமாதவன்.

அடர்ந்த சுருட்டை முடி, கறுப்புக் கண்ணாடி, கனத்த மீசை. கன்னத்தில் கை. 'எளிமையின் சிகரமே' என்று தலைக்கு மேல் எழுதியிருந்தது.

"ஆபிதா, சட்டையைப் பாருங்க. பாக்கெட் எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்." அவள் நெருங்கிப் பார்த்தாள். "பட்டனும் பொம்பளைச் சட்டை மாதிரி வச்சிருக்கு. தையக்காரர் மேல கேஸ் போடலாமா?"

"தையக்காரர் மேல தப்பில்ல. சித்தீக் பாய், படத்தை இடம் வலமாத் திருப்புங்க. அந்தக் கண்ணாடியையும் கொஞ்சம் வெளுப்பாக்குங்க."

சித்தீக் திருப்பினார். பாக்கெட் இடது பக்கம் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள் மெதுவாகத் தெரிந்தன. சேதுமாதவன் உள்ளங்கையை நீட்டித் திரையில் அந்தச் சுருட்டை முடியை மட்டும் மறைத்தார்.

"யா அல்லாஹ்!" என்றாள் ஆபிதா. "நம்ம வக்கீல் சார்!"

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தின வக்கீல் சார். முடி இருந்த காலம். அதைவிடப் பெரிய மாறுவேஷம் எதுவும் தேவைப்படல."

மாயாண்டிக்கு மட்டும் புரியவில்லை. "அப்ப வேலுச்சாமி அய்யா எங்க சார்?"

"வாங்க, பாத்துட்டு வருவோம்" என்றார் சேதுமாதவன்.

*

கோபாலசாமியின் ஃபிளாட்டில் ஜன்னல் திரை பச்சைப் பொன்னாடை. சோபா உறை சிவப்புப் பொன்னாடை. மைக்ரோவேவ் மேல் சரிகை போட்ட நீலப் பொன்னாடை. கதவைத் திறந்த வக்கீல், ஆபிதாவின் கையிலிருந்த படத்தைப் பார்த்ததும் சிவப்புப் பொன்னாடையின் மேல் உட்கார்ந்தார்.

"வேலுச்சாமின்னு யாருமே இல்ல" என்றார் சேதுமாதவன்.

"இல்ல."

"எதுக்கு சார் இந்த வேலை?"

"ரெண்டு பேர் சண்டை போட்டா அது வெறும் பஞ்சாயத்து சார். மூணு பேர் இருந்தாத்தான் மகாசபை." அவர் பொன்னாடையின் ஓரத்தை நீவினார். "கோன்ராடைப் பத்தி முப்பது வருஷமாப் பேசிட்டிருக்கேன். என் ஆய்வேட்டை மூணு பேர்தான் படிச்சாங்க. நான், என் பேராசிரியர், டைப் அடிச்ச பையன். அவன்கூட நடுவுல வேலையை விட்டுட்டான். இங்க வந்து பாத்தா ரெண்டு தலைவர் கண்ணு முன்னால நிக்கிறாங்க. இன்னும் ஒருத்தர்தான் குறை. சமாதானக் கூட்டத்துல ஒரு பேரைச் சொன்னேன். எல்லாரும் ஒரே மனசா ஏத்துக்கிட்டாங்க. இல்லாத ஆள் மேல யாருக்கும் ஒரு குறையும் இல்ல சார்."

"அப்புறம்?"

"அவர் ராஜினாமாவை நானே படிச்சு முடிச்சிடலாம்னு இருந்தேன். நேர்ல வரணும்னு பிடிவாதம் பிடிச்சாங்க. அதான் ஓடிட்டார்னு சொல்லிட்டேன்."

வழக்கமாக இந்த இடத்தில் சேதுமாதவன் கையைத் தட்டித் தூசியைப் போக்கிவிட்டு வீட்டுக்குப் போவார். கண்டுபிடித்தாயிற்று. ஆனால் மாயாண்டி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டிருந்தது.

"அந்த ஆளு இல்லேன்னு தெரிஞ்சா அந்த ரெண்டு பேரும் எறங்க மாட்டாக. அப்படித்தானங்கய்யா?" என்றார். "தலைவரு ரெண்டாத்தான் நிப்பாக. ஆபீசரு திருப்பி அனுப்பிருவாரு. நான் எம்மக கல்யாணத்துக்குப் போக முடியாது."

கோபாலசாமி கண்ணைத் துடைக்க எதையோ தேடினார். கைக்குக் கிடைத்ததும் பொன்னாடைதான். சேதுமாதவனுக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை வருட அனுபவத்தில் காணாமல்போனவர்களைக் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்ததால் ஒரு ஆள் இல்லாமல்போனது இதுதான் முதல் தடவை.

"வக்கீல் சார்" என்றார் கடைசியில். "மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க. மேடையில உண்மையைச் சொல்லப் போறீங்க."

"அடிப்பாங்க சார்!"

"கான்ஸ்டன்ஸ்ல யாரையும் அடிக்கலையா?" என்றாள் ஆபிதா.

"எரிச்சாங்கம்மா" என்றார் கோபாலசாமி.

*

ஈசா டவுன் ஹாலில் மேடை மேல் மூன்று நாற்காலிகள். இடது நாற்காலியில் பாலகுரு, வலது நாற்காலியில் சதக்கத்துல்லா, நடுவில் காலி. முன்வரிசைகளில் குடும்பங்கள். பின்வரிசைகளில் கேம்ப்களிலிருந்து பஸ் பிடித்து வந்த தொழிலாளர்கள். தேர்தலுக்காக வந்தவர்கள் பாதி, பிரியாணிக்காக வந்தவர்கள் மீதி.

கோபாலசாமி மைக் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். முடி இருந்த காலத்துப் படம் உட்பட.

இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்தார்கள்.

"இல்லாத ஆளுக்கு நான் எதுக்குங்க ராஜினாமா பண்ணணும்?" என்றார் பாலகுரு. "இப்பவும் எப்பவும் நாந்தான் தலைவர்!"

"நீங்க இருக்கிற வரைக்கும் நானும் இருப்பேன்!" என்றார் சதக்கத்துல்லா.

சேதுமாதவன் பயந்தபடியே ஆயிற்று. மாயாண்டி சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வீரபாண்டி என்ற கம்பி கட்டும் தொழிலாளி, நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார்.

"ஓட்டு எனக்கும் இருக்குல்ல? என் ஓட்டு வேலுச்சாமி அண்ணனுக்கு!"

"யோவ், அப்படி ஒரு ஆளே இல்லைங்கிறாங்க!" என்று கத்தினார் பாலகுரு. "இல்லாத ஆளுக்கா ஓட்டு?"

"இருந்த ஆளுக ரெண்டு பேரும் என்ன செஞ்சீக?"

பின்வரிசை முழுக்கக் கைதட்டியது. "வேலுச்சாமி அண்ணன் ஒரு நாளாச்சும் நம்மள உக்கார வச்சுப் பேசிக் கொன்னாரா?" என்றது இன்னொரு குரல். "பந்தி நேரத்துல வரவேற்புரை வாசிச்சாரா?" என்றது மற்றொன்று. முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து, மூன்று பேரில் அவர் ஒருவர்தான் வீட்டுக்கு நன்கொடை கேட்டு வரவில்லை என்றாள். கைகளை உயர்த்தச் சொல்லி எண்ண ஆரம்பித்தார் சித்தீக். பாதியிலேயே நிறுத்திவிட்டார். எண்ணத் தேவை இருக்கவில்லை.

முத்துத்தீவு தமிழ்ப் பேரவையின் ஒரே தலைவராக, இல்லாத வேலுச்சாமி அமோக ஆதரவோடு வெற்றி பெற்றார்.

கோபாலசாமி தலையில் கை வைத்தார். "இப்படி ஒண்ணு கோன்ராடுக்கே தோணியிருக்காது."

ஆபிதா மேடையேறி அவர் காதருகே போனாள். "சார், வேலுச்சாமி அண்ணன் வர முடியாத காரணத்தால, அவர் சார்பா யாராவது வாங்கிக்கலாம்ல?"

வக்கீலுக்கு உயிர் வந்தது. மைக்கைப் பிடித்து, அன்னார் வர இயலாத காரணத்தால் அவர் சார்பாகத் தலைவர் பொறுப்பை ஏற்க ஒருவரை அழைக்கிறோம் என்றார். சொல்லி வாயை மூடுவதற்குள் பாலகுருவும் சதக்கத்துல்லாவும் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து, ஒருவர் தோளை ஒருவர் இடித்தார்கள்.

இதற்குத்தான் காத்திருந்தவர் போலச் சேதுமாதவன் நடுவில் புகுந்து இருவர் தோளிலும் கை போட்டார். "அண்ணே, ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்றேன். நீங்க உக்காந்தா அவர் விடமாட்டார், அவர் உக்காந்தா நீங்க விடமாட்டீங்க. நாலே நாள்ல இந்த நாட்டை விட்டே போயிடற ஒரு ஆளை உக்கார வைங்க. அவர் போனதும் நாற்காலி காலி. அப்புறம் நீங்க நிம்மதியாச் சண்டை போட்டுக்கலாம்."

இருவரும் யோசித்தார்கள். இத்தனை மாதங்களில் முதன்முறையாக இருவர் தலைகளும் ஒரே திசையில் அசைந்தன.

"ஆளு யாரு?" என்றார் சதக்கத்துல்லா.

சேதுமாதவன் சுவரோரம் பார்த்தார். வீரபாண்டியும் அவர் ஆட்களும் அதற்குள் மாயாண்டியைத் தூக்கியிருந்தார்கள். அலறிக்கொண்டே மேடைக்கு வந்து சேர்ந்த தலைவரின் மேல் கோபாலசாமி பொன்னாடை போர்த்தினார். அன்று மதியம் வரை அது அவருடைய ஜன்னல் திரை.

மைக்கை நீட்டினார்கள். மாயாண்டி அதைப் பார்த்துப் பின்வாங்கினார். "எனக்கு வேணாங்கய்யா" என்றார்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

*

ஞாயிற்றுக்கிழமை காலை, தூதரகத்தில் அதிகாரியின் அறை. அவர் ஓசூர்க்காரர். பொது மன்னிப்பு அறிவித்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாத முகம். மகாசபையின் தீர்மானத்தை இரண்டு முறை படித்தார். எதிரே சேதுமாதவனும் ஆபிதாவும் கோபாலசாமியும் நின்றார்கள்.

"ஒருவழியா ஒரே தலைவர். நல்லது" என்றார். "எங்கே அவர்?"

"நாந்தாங்கய்யா" என்றார் மாயாண்டி.

"மனு குடுத்தவர்?"

"அதுவும் நாந்தாங்கய்யா."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கோபாலசாமி தொண்டையைச் செருமினார். "சட்டத்தோட எழுத்தைப் பாக்காம நோக்கத்தைப் பாக்கணும்னு, கெல்ன்ஹவுசன் ஊர்க் கோன்ராட்..."

"சார், சும்மா இருங்க" என்றாள் ஆபிதா. "இன்னிக்கு எழுத்தே நம்ம பக்கம் இருக்கு."

அதிகாரி விதியை எடுத்துப் பார்த்தார். மனுதாரர் நேரில் வரவேண்டும். வந்திருக்கிறார். பதிவு பெற்ற சங்கத்தின் தலைவர் நேரில் வரவேண்டும். வந்திருக்கிறார். இரண்டு பேரும் இரண்டு ஆளாக இருக்கவேண்டும் என்று எங்கும் இல்லை. புரட்டிப் பார்த்தார், பின்பக்கத்திலும் இல்லை. இந்த விதியை எழுதியவர் இப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்திருக்க மாட்டார்.

"கேள்வி கேக்கணும். தலைவரா இருந்து பதில் சொல்லுங்க" என்றார் அதிகாரி. "மாயாண்டிங்கிற இந்த ஆளை உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

மாயாண்டி முதுகை நிமிர்த்திக்கொண்டார். "பொறந்ததுலேருந்து தெரியும்யா."

"எப்படிப்பட்டவர்?"

மாயாண்டி, யாரோ ஒரு தூரத்து உறவினரைப் பற்றிக் கேட்டதுபோல நிதானமாக யோசித்தார்.

"நல்ல மனுசந்தாங்கய்யா. இந்த ஊர்ல ஒருத்தரும் அவரப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. ஏ பாய்னுதேன் கூப்புடுவாக. ஆனா அவரு பூசுன செவரு ஒண்ணுகூட வெடிச்சதில்லங்கய்யா."

ஆபிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளிடம் அப்போது ஒரு கிண்டலும் இல்லை.

அதிகாரி முத்திரையை எடுத்தார். "அப்போ இவரை ஊருக்கு அனுப்பிடலாமா, தலைவரே?"

"அனுப்பிருங்கய்யா" என்றார் மாயாண்டி. சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "அவரு மக வாசலப் பாத்துக்கிட்டே நிக்கும்."